அம்பு முத்திரைக் கோடாலி

இரண்டாவது உலக யுத்தம் 1945-இல் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவத்தின் மிச்சச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அப்படி வெளியேறிய கோடாலி ஒன்று, பின்னாளில் 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் எனக்குக் கிடைத்தது. அதில் சர்க்கார் சொத்து என்பதற்கான அம்பு முத்திரை. எதிரே, முனையோடு முனை முட்டும் இன்னோர் அம்பு. சர்க்கார் அதை விற்றுவிட்டது என்று அர்த்தம். சரித்திரமே கைக்கு வந்ததாக எண்ணி, கேட்ட விலையைக் கொடுத்தேன்.

விறகு பிளக்க வந்த பெரியவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் முத்திரையைப் பார்க்கவில்லை. காம்பு செருகும் துளையில் விரிசல் உண்டா என்று தடவினார். பிறகு வாயில் அரத்தை இழுத்தார். ஈயத்தைக் கடிப்பதுபோல் அது கடித்தது.

"மெஷின் சாணையிலே சூடேற மெருகு போட்டிருக்காங்க, ஐயா. பதம் போயிடுச்சு. இதை நம்பினா என் கூலி போயிடும்."

தம் பழைய கோடாலியையே எடுத்துக்கொண்டார். அதில் முத்திரை எதுவும் இல்லை.