ஃபோமெபிசோலும் கள்ளக்குறிச்சி நச்சுச்சாராயமும்

ஃபோமெபிசோல் என்பது மெத்தனால் நஞ்சுக்கு முறிவு மருந்தாகத் தரப்படும் கரிமச் சேர்மம் ஆகும். மூன்று கார்பன் அணுக்களும் அடுத்தடுத்து அமைந்த இரண்டு நைட்ரசன் அணுக்களும் சேர்ந்த வளையம் பைரசோல் எனப்படும். அதன் நான்காம் இடத்தில் ஒரு மெத்தில் தொகுதி இணைந்தால் கிடைப்பது ஃபோமெபிசோல். வளையத்தில் கார்பன் அல்லாத அணுக்களும் இருப்பதால் இது பல்லினவளையச் சேர்மங்களுள் ஒன்றாகும்.

தமிழ்நாட்டில் இப்பெயர் பரவலாக அடிபட்டது 2024 ஜூனில்தான். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 65 பேருக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பழி முதலில் கல்வராயன் மலைமீது விழுந்தது. மலையில் காவல்துறை ஊறல்களைத் தேடி அழித்தது. ஆனால் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிப் புளித்தபின் வடிக்கும் மலைச் சாராயத்தில் இருப்பது பெரும்பாலும் எத்தனால். கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால். அது ஆலைகளில் பயன்படும் கரைப்பான். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் நேர்ந்த சாவுகளுக்கும் அதுவே காரணம்.

மெத்தனால் தன்னளவில் பெருநஞ்சு அன்று. கல்லீரலிலுள்ள ஆல்ககால் டிஐதரசனேசு என்னும் நொதி அதைப் பார்மால்டிகைடாக மாற்றுகிறது. அது விரைவில் பார்மிக் அமிலமாகிறது. இந்த அமிலமே இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது.

அந்த நொதியைப் பைரசோல் தடுக்கிறது என்பதை 1963-ல் சுவீடனின் நோபல் அறிஞர் இயூகோ தியோரெல் குழுவினர் கண்டனர். நான்காம் இடத்தில் மெத்தில் சேர்ந்த வடிவம் இன்னும் வலிமையாகத் தடுப்பது 1969-ல் தெரியவந்தது. 1975-ல் குரங்குகளில் செய்த சோதனையில் மெத்தனால் நஞ்சின் விளைவு இதனால் அடங்கியது. அமெரிக்காவில் மெத்தனால் நஞ்சுக்கு ஒப்புதல் கிடைக்க 2000 வரை ஆனது. 2013-ல் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஃபோமெபிசோல் இடம்பெற்றது.

கள்ளக்குறிச்சிச் சாவுகளையொட்டி எழுந்த அரசியல் விவாதத்தில் இப்பெயர் வயிற்றுப் புண்ணுக்கான ஒமிப்ரசோலோடு குழம்பிப்போனது. ஒமிப்ரசோலும் பல்லினவளையச் சேர்மமே. மற்றபடி மெத்தனாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உண்மையான இடர் நேரம். மெத்தனாலின் கடுமையான அறிகுறிகள் வெளிப்படப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும்; எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும். தலைவலியும் குமட்டலும் வழக்கமான போதைத் தெளிவாகவே குடித்தவருக்குத் தோன்றும். கண் மங்கிய பிறகு மருத்துவமனைக்கு வருபவரின் உடலில் அமிலம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஃபோமெபிசோல் மீதமுள்ள மெத்தனாலின் மாற்றத்தை மட்டுமே நிறுத்தும். சேர்ந்துவிட்ட அமிலத்தை வெளியேற்ற டயாலிசிஸ் தேவைப்படும். விலை கூடிய இம்மருந்து கிடைக்காத இடங்களில் மருத்துவர்கள் அளந்து கொடுப்பது எத்தனாலையே. நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே முதலில் பற்றிக்கொள்ளும் என்பதால் அதுவும் பலன் தருகிறது; ஆனால் இரத்தத்தில் அதன் அளவை மணிக்கணக்கில் கண்காணிக்க வேண்டியிருக்கும்.