தோற்றவர் எழுதிய தாள்

ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், நைட் ஷிப்ட் முடித்த கையோடு சென்னைக்குப் போய் ஒரு நகர அளவிலான செஸ் போட்டியில் ஆடினார். முதல் சுற்றிலேயே பெரிய ரேட்டிங்காரரிடம் தோற்றுவிட்டு மணிமங்கலம் திரும்பியவர் சொன்னார்: 'அவங்கள்லாம் இதுக்கு எதுக்குங்க வரணும்? காசு கட்டுறது நாம, பரிசு வாங்குறது அவங்க.' நியாயமான கோபம்தான். ஆனால் பலசாலிகளை வெளியே நிறுத்திவிட்டால் இந்த நியாயம் கிடைத்துவிடுமா?

முதலில் 'ஓப்பன்' என்ற சொல்லைப் பார்ப்போம். இத்தகைய போட்டிகள் பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடப்பவை. 1895இல் ஜூரிச்சில் முதன்முதலாகக் கையாளப்பட்ட முறை இது. 100 பேர் ஆடினால், ரேட்டிங் வரிசையில் முதலாமவருக்கு எதிரே 51ஆமவர் உட்காருவார். அடுத்த சுற்றிலிருந்து வென்றவர் வென்றவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. ஆக, கதவு திறந்திருப்பது பெரும்பாலும் அந்த முதல் சுற்றுக்கு மட்டும்தான். பிறகு படிநிலை தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. போதாததற்கு, கிராண்ட்மாஸ்டர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்காததும் பல போட்டிகளில் வழக்கம். நண்பரின் கணக்கு தப்பில்லை.

ஆனால் சென்னையின் செஸ் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1962 ஸ்டாக்ஹோம் போட்டியில் ஹங்கேரியின் போர்டிஷையே தோற்கடித்தார். இருந்தும் இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டராக வி. ரவிக்குமார் வருவதற்கு 1978 ஆகிவிட்டது. ஒரு பலசாலி தனியே நின்றால் 17 வருஷம் தனியாகவே நிற்பார் என்பதுதான் இதன் பொருள். இடையில் 1972இல் சோவியத் கலாச்சார மையத்தில் ஆரோன் முன்னின்று தொடங்கிய தால் செஸ் கிளப்பைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அங்கே அதிவேக ஆட்டங்களில் ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக நின்ற வரிசை அது. 1988இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது 'மேதை' என்ற சொல்லாடல் எழுந்தது. 2024இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோதும் அதேதான். மறுபடி மறுபடி தோற்பதற்கு ஓர் இடம் இருந்ததை, அந்த வரிசையை, இந்தச் சொல்லாடல் மறைத்துவிடுகிறது. பலசாலி வராத ஊரில் அந்த வரிசைக்கு அர்த்தமில்லை. ஆனால் வரிசையில் நிற்க நேரம் வேண்டும், பக்கத்தில் வீடு வேண்டும். அது யாருக்கு வாய்த்தது என்று கேட்காமல் எழுதப்படும் செஸ் வரலாறு வெறும் வாழ்த்துப்பாதான்.

நாங்கள் உட்கார்ந்து பேசிய மணிமங்கலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சதுரங்கம் என்றால் யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படை. ஏழாம் நூற்றாண்டில் அப்படைகள் மோதிய களங்களில் ஒன்று இந்த ஊர். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்ததாக, அவனுடைய பேரன் பரமேஸ்வரவர்மனின் கூரம் செப்பேடு சொல்கிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி வெற்றி என்ற சொல்லை எழுதினானாம்! அந்தப் புலிகேசி மட்டும் என்ன? பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்ததாக 634ஆம் ஆண்டு அய்கொளெக் கல்வெட்டில் எழுதி வைத்தவன்தான். இருவரும் எழுதினார்கள், தத்தம் வெற்றியை மட்டும். காலாளின் கணக்கு இரண்டிலும் இல்லை.

செஸ் மேசையில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆடும் இருவரும் தன் நகர்வையும் எதிராளியின் நகர்வையும் எழுதியாக வேண்டும். முடிவில் இருவரும் கையெழுத்திட வேண்டும். தோற்றவர் தன் தோல்வியைத் தன் கையாலேயே எழுதும் பிரதி இது. ஆனால் அந்தத் தாள் போட்டி அமைப்பாளரின் சொத்து என்கிறது சர்வதேச விதி. மேல்மேசை ஆட்டங்கள் தரவுத்தளத்தில் ஏறுகின்றன. கீழ்மேசைத் தாள்கள் பெரும்பாலும் ஏறுவதில்லை. செப்பேட்டுக் காலத்திலிருந்து நாம் ரொம்ப தூரம் வந்துவிட்டதாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே பலசாலிகள் வரட்டும் என்றுதான் நான் சொல்வேன். கேட்க வேண்டியவை வேறு: ஷிப்ட் முறையில் உழைப்பவர் தூங்கி எழுந்து வந்து ஆடும்படியான நேரம், அவர் கையில் இருப்பதற்கேற்ற கட்டணம், தோற்றவரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் பழக்கம், கீழ்மேசைத் தாள்களையும் சேர்த்து வைக்கும் ஒரு அலமாரி.

நண்பரிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த கார்பன் நகலை எடுத்துப் பிரித்தார். 'பதினெட்டாவது நகர்வு வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்தேன், பாருங்க' என்றார். பலகையை எடுத்துக் காய்களை அடுக்கினோம்.