திண்ணையும் பெஞ்சும்

ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளை வளர்ப்பதற்காக எழும்பூரில் நடந்து வந்த விடுதிப் பள்ளிக்கு 1789ஆம் ஆண்டில் தலைவராக அமர்ந்த ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒருநாள் காலைக் குதிரைச் சவாரியின்போது, தமிழ்ப் பிள்ளைகள் வரிசையாகத் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகும் ஒரு பள்ளிக்கூடத்தைக் கண்டார். காகிதமும் மையும் செலவாகாத அந்த ஏற்பாடு அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கும்படி அங்கிருந்த உபாத்தியாயரிடம் சொன்னார். உபாத்தியாயர் அது ஆகாத காரியம் என்று கைவிரித்துவிட்டார். பெல் அவரிடம் மன்றாடிக்கொண்டிருக்கவில்லை. ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பை அவன் பொறுப்பிலேயே விட்டார். உபாத்தியாயரால் ஆகாதது பையனால் ஆயிற்று.

மூத்த மாணாக்கனைக் கொண்டே இளையவனுக்குக் கற்பிக்கும் இந்தப் பரீட்சையை 1797இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார் பெல். அது ‘மதராஸ் முறை’ என்று பிரசித்தி பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையைக் கைக்கொண்டு, அதைக் கண்டவர் யார் என்ற வாக்குவாதத்துக்கு வழிவகுத்தார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தவர்கள் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென ஒரு தேசிய சங்கமே நிறுவி இம்முறையை நாடெங்கும் பரப்பினார்கள். 1832இல் காலமான பெல், அரசர்களும் கவிகளும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பிறந்த ஊரில் அவர் பொருளால் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

இவ்வளவு கீர்த்திக்கும் மூலமான முறையோ, நம் ஊர்களில் அண்ணாவி என்றும் வாத்தியார் என்றும் அழைக்கப்பட்டவர் வேறு வழியின்றிக் கையாண்ட ஒன்று. முப்பது நாற்பது பிள்ளைகள், ஒவ்வொருவனும் ஒவ்வொரு பாடத்தில் நிற்க, ஒருவர் எப்படிச் சமாளிப்பார்? தேர்ந்த பையன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக்கிவிட்டால், அவன் மற்றவர்களுக்கு ‘முறை’ சொல்லிக்கொடுப்பான்; அவன் உரக்கச் சொல்ல, பிள்ளைகள் ஒரே குரலாகத் திருப்பிச் சொல்வார்கள். மணலில் கை திருந்திய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும் வரும். ஓலையில் கீறிய எழுத்துத் துலங்குவதற்காக மஞ்சளையும் கரியையும் அதன்மேல் தடவுவார்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகிய நீதி நூல்களோடு எண்சுவடியும் நெட்டுருவாக வேண்டும். முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியில் தொடங்கி, காணி, மா, கால், அரை என்று ஏறும் கீழ்வாய்க் கணக்கைத் தூக்கத்தில் கேட்டாலும் பிசகாமல் சொல்லும் பையன், பிற்காலத்தில் நிலத்தின் குழிக்கணக்கையும் களத்து நெல்லையும் வாய்க்கணக்காகவே தீர்த்துவிடுவான். மாலையில் பள்ளி விடும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் அதை ஒப்புவிக்கச் செய்யும் வழக்கமும் உண்டு. மறந்தவனுக்குப் பிரம்பு, அடங்காதவனுக்குக் கோதண்டம், அதாவது உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் ஊசலாடும் தண்டனை. பழைமையைப் போற்றுகிறவர்கள் இந்தக் கயிற்றை மறந்துவிடக் கூடாதென்பது என் அபிப்பிராயம்.

சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, இப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை, அவற்றில் படிப்பவர் யார் என்று ஜில்லா தோறும் கணக்கெடுக்க 1822இல் உத்தரவிட்டார். பெல்லாரி கலெக்டராயிருந்த காம்ப்பெல், மறு ஆண்டில் அனுப்பிய அறிக்கையில், இந்த மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் இங்கிலாந்து பின்பற்றியது தகும் என்று சிலாகித்துவிட்டு, பிள்ளைகள் செய்யுட்களைப் பொருள் தெரியாமல் ஒப்புவிக்கிறார்கள் என்று குறையும் கூறினார். கணக்கு முழுதும் வந்து சேர்ந்தபின், 1826இல் மன்றோ எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் ஜனங்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒன்று. படிக்கும் வயதுடைய பையன்களில் நாலில் ஒருவனுக்குச் சற்று அதிகமானோர் பள்ளிக்குப் போனார்கள். வீட்டில் படிப்பவரையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் என்று சொல்லலாமென்பது அவர் மதிப்பு. தமிழ் ஜில்லாக்களில் பிராமணப் பிள்ளைகளைவிட, சர்க்கார் தஸ்தாவேஜு சூத்திரர் என்று குறித்த வகுப்பாரின் பிள்ளைகளே மிகுதியாயிருந்தனர் என்பதும் அதில் தெரிகிறது. கல்வி அக்காலத்தில் ஒரு சாதியின் ஏகபோகமாயிருந்தது என்று பொதுப்படச் சொல்லுவோர்க்கு இது ஒரு விடை. ஆனால் அதே கணக்கில் பெண்கள் என்ற பகுதி, தேவதாசிகளை நீக்கிவிட்டால், பெரும்பாலும் வெறுமையே. சேரிப் பிள்ளைகளைத் தேடினால் கிடைப்பவர் மிகச் சொற்பம்.

ஏன் என்பதற்கு முறையில் விடை இல்லை, இடத்தில் இருக்கிறது. இப்பள்ளிகள் நடந்த திண்ணை என்பது ஒருவர் வீட்டின் பாகம். அது ஊர்த்தெருவில் இருந்தது. அத்தெருவில் நடக்கவே உரிமை இல்லாதவன் அதன்மேல் ஏறி உட்கார்வது எங்ஙனம்? அண்ணாவிக்கு நெல்லும் காசும் கொடுத்தவர்களும், நவராத்திரியில் கோலாட்டம் அடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்குச் சன்மானம் அளித்தவர்களும் அந்தத் தெருவார்தாம். அண்ணாவி எவ்வளவு தயாளராயினும் திண்ணைக்குச் சொந்தக்காரர் அல்லர். மதராஸ் முறை கடல் கடந்து சென்ற தேசத்திலும் சங்கதி வேறாக இல்லை. ஏழைகளின் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்து அவர்களை நிலைக்கு மேல் உயர்த்த வேண்டுவதில்லை என்று பெல்லே எழுதியவர். சொற்பச் செலவில் ஆயிரம் பிள்ளைகளைக் கற்பிக்க வல்ல உபாயம், அவரவரை இருந்த இடத்திலேயே இருத்திவைக்கவும் வல்லதாயிற்று.

பிரச்சினை முதன்முதலாக வெடித்த இடங்களுள் ஒன்று, சென்னையில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளி. பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாய் வளர்ந்தது இதுவே. அடுத்த ஆண்டில், பறையர் வகுப்புப் பையன்கள் அங்கே சேர்ந்திருப்பது தெரியவந்தவுடன், அவர்களை வெளியேற்ற வேண்டுமென்று மற்றப் பெற்றோர் கிளம்பினார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பிள்ளைகள் பலர் விலகினர். ஆங்கிலப் படிப்பின் ஆசை பின்னர் அவர்களில் பலரைத் திரும்ப அழைத்து வந்தது. அவர் போதித்த பாடம் புரட்சிகரமானதன்று. மதமாற்றமே அவருடைய நோக்கம். எனினும் கட்டடமும் பெஞ்சும் ஊராருடையவை அல்லவாதலால், ஊரார் சொல் அங்கே செல்லவில்லை.

1854ஆம் ஆண்டுக் கல்விச் சாசனத்தின் பின் சர்க்கார் மானியம் வந்தது. மானியத்தோடு இன்ஸ்பெக்டரும் கரும்பலகையும் வருகைப் பதிவேடும் வந்தன. அண்ணாவிகள் மெல்ல மறைந்தார்கள். 1894இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட், தீண்டத்தகாதவரென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமர்களுக்கெனச் சென்னையில் இலவசப் பள்ளி திறந்தார். மானியம் பெற்ற பள்ளிகளோ, பெயரளவில் சகலர்க்கும் பொதுவாயிருந்தும், கிராமங்களில் அக்கிரகாரத்திலும் சாவடியிலும் கோயில் மண்டபத்திலும் வாடகை வீட்டுத் திண்ணையிலுமே நடந்தன. பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்தவை அவற்றுள் மிகச் சிலவே. காரணம் வினவிய சர்க்காருக்கு, வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்ற பதில் வந்தது. எல்லோரும் வரக்கூடிய இடங்களுக்குப் பள்ளிகளை மாற்ற வேண்டுமென்று 1919இல் சர்க்கார் உத்தரவிட்டது. பஞ்சமர் நலனையும் கவனிக்க அதே காலத்தில் ஏற்பட்ட லேபர் இலாகா, அந்த உத்தரவு நிறைவேறும்வரை காத்திராமல், சேரிகளிலேயே தனிப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கிற்று. ஊர்ப் பள்ளியின் வீட்டுக்காரர்களுக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இருக்கவில்லை.