கட்டத்துக்குள் அடங்காத நாகர்கோவில்: டெர்மினல், கன்சோல், ஷெல்

லினக்ஸ் கணினியில் ‘நாகர்கோவில்’ என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டுப் பட்டியல் கேட்டால், பல டெர்மினல்களில் எழுத்துகள் விலகியோ ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ நிற்கும். கணினிக்குத் தமிழ் வரவில்லை என்று இதைச் சொல்லிவிடுவது வழக்கம். டெர்மினல், கன்சோல், ஷெல் மூன்றையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் மயக்கம் அது என்பது என் வாதம்.

ஷெல் என்பது கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல். யுனிக்ஸுக்கு முந்தைய மல்டிக்ஸ் இயங்குதளக் காலத்தில் அப்பெயரை இட்டவர் லூயி பூசான். யுனிக்ஸில் 1971-இல் கென் தாம்சனின் ஷெல்லும் 1979-இல் ஸ்டீவன் பூர்னின் ஷெல்லும் வந்தன. இன்று பரவலாகப் புழங்கும் பாஷ் 1989-இல் வெளிவந்தது. கோப்பின் பெயரை ஷெல் வெறும் பைட் வரிசையாகவே கையாளுகிறது. நாகர்கோவில் யுடிஎஃப்-8 முறையில் 33 பைட். ஒன்றுகூடச் சிதையாமல் வட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

கன்சோல், பெருங்கணினியை இயக்குபவர் அமர்ந்த மேசை. வரைகலைச் சூழல் இல்லாதபோது லினக்ஸ் காட்டும் கருந்திரை அதன் வாரிசு. அதன் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. கொம்பை மெய்க்கு முன்னே கொண்டுவரும் ஏற்பாடும் இல்லை.

சிக்கலின் வேர் டெர்மினலில் இருக்கிறது. தொடக்கத்தில் டெர்மினலாகப் பயன்பட்ட தட்டச்சுக் கருவிகளில் ஒன்றான 1963-இன் டெலிடைப் மாடல் 33, வினாடிக்கு 10 எழுத்து அடித்தது. எந்த எழுத்தானாலும் ஒரே அளவு நகர்ந்தது. 1978-இல் வந்த விடி100 என்ற திரை டெர்மினல் அந்த ஒழுங்கை 80 நெடுவரிசையும் 24 வரியும் கொண்ட கட்டங்களாகத் திரைக்குக் கொண்டுவந்தது. இன்றைய டெர்மினல் செயலிகள் நடிப்பது இந்தக் கருவியைத்தான். யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் டெலிடைப்பின் சுருக்கமான ‘டிடிஒய்’ இன்னும் வழங்குகிறது.

எந்த யுனிகோடு குறிக்கு எத்தனை கட்டம் என்பதற்குக் கணினியியலாளர் மார்க்கஸ் குன் எழுதிய கணக்கு பெரிதும் பின்பற்றப்பட்டது. யுனிகோடு தமிழின் புள்ளியையும் ஈகாரக் குறியையும் இடம் கொள்ளாதவை என்றும், இகரக் குறியை இடம் கொள்வது என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே அக்கணக்கில் ‘நீ’ ஒரு கட்டம், ‘நி’ இரண்டு! ஆறு எழுத்துள்ள நாகர்கோவிலுக்கு 9 கட்டம். ஏழெழுத்துக் கன்னியாகுமரிக்கு 11. நம் கண் காணும் அகலத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அகலம் வேறுபடும் எழுத்து இயந்திரத்துக்கு ஒவ்வாது என்று யாரும் சொல்ல முடியாது. 1820-களின் தொடக்கத்தில் மிஷனரி சார்லஸ் மீட் நாகர்கோவிலில் நிறுவிய அச்சகத்தில் கோக்கப்பட்ட ஈய எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் அகலம் இருந்தது. சம அகலம் என்பது டெலிடைப்பின் பொறியமைப்பு விதித்த கட்டுப்பாடு; அதை எழுத்தின் இயல்பாக நிரலாளர்கள் ஏற்றுக்கொண்டதுதான் தவறு.

டெர்மினல் செயலியை மட்டும் திருத்தினால் போதாது. திரைத் தொகுப்பான்களும் பாஷின் வரித்தொகுப்பு நூலகமும் கர்சர் நிற்குமிடத்தைத் தாமே தனியாகக் கணிக்கின்றன. ஒரு பக்கம் மாறி மறுபக்கம் மாறாவிட்டால் கர்சர் இன்னும் தவறான இடத்தில் போய் நிற்கும். யுனிகோடு குறியை விட்டு முழு எழுத்தை அலகாகக் கொண்ட ஒரே அகல விதி இரு தரப்புக்கும் வேண்டும். ‘கொ’, ‘கௌ’ போன்றவற்றுக்கு எத்தனை கட்டம் என்பதையும் அவ்விதியே சொல்ல வேண்டும். அதை வகுக்கும் இடத்தில் தமிழ் எழுத்துருவாளர்களும் அமர வேண்டும்.