இன்சாஸ் துப்பாக்கி: பழுதுகளும் மாற்றுப் பாகங்களும்

இந்தியத் தரைப்படைக்காக உருவான 5.56 மி.மீ. ரைபிள். திருச்சி, இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலைகளில் தயாரானது. 1999 கார்கில் போரில் இதன் பெயர் கெட்டது: கடுங்குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, மும்மூன்றாகச் சுட வைத்தால் நிற்காமல் சுடுவதாகவும் புகார் எழுந்தது.

மற்றப் பழுதுகள் இந்த வகைத் துப்பாக்கிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி முனை உடைந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு அறையிலேயே தங்கிவிடும். அடுத்த தோட்டா அதில் முட்டி நிற்கும். ஃபயரிங் பின் முனை தேய்ந்தால் தோட்டாவின் அடியில் விழும் குழி ஆழமற்றிருக்கும், தோட்டா வெடிக்காது. புதுச்சேரி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றின் துருவும் சேர்ந்துகொள்ளும்.

துப்பாக்கிமீது போடப்படும் பழியில் கணிசமான பகுதி உண்மையில் மேகசினுடையது. அதன் வாய்விளிம்பு சற்றே வளைந்தாலும் தோட்டா நேராக ஏறாது. ஆகவே மாற்றுப் பாகக் கையிருப்பில் முதலிடம் மேகசினுக்கே. பிறகு ஸ்பிரிங்குடன் எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின், ரீகாயில் ஸ்பிரிங், எளிதில் தொலையும் சிறு பின்கள். போல்ட்டை மட்டும் ஒரு துப்பாக்கியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டக் கூடாது. போல்ட்டை மாற்ற நேர்ந்தால், அறைக்கும் போல்ட் முகத்துக்குமான இடைவெளியை ஆயுதப் பணிமனையில் கேஜ் வைத்துப் பார்த்த பின்பே சுட வேண்டும்.