மண்டியிட்டு அலை ஏறியவர்கள்: நீபோர்டு சர்ஃபிங்கும் ஊடகமும்

சர்ஃபிங் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான். பெரிய நீல அலை, அதன் மேல் ஒரு பலகை, பலகை மீது கைகளை விரித்து நிற்கும் ஒருவர். டி-ஷர்ட்டிலும் காலண்டரிலும் குளிர்பான விளம்பரத்திலும் இதே படம்தான். ஆனால் அலையில் சறுக்கிப் போக நின்றே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. பழைய ஹவாயில் படுத்தும் அலை ஏறினார்கள், மண்டியிட்டும் ஏறினார்கள், நின்றும் ஏறினார்கள். இதில் மண்டியிட்டு ஏறும் வகைக்குத்தான் இன்று நீபோர்டு சர்ஃபிங் என்று பெயர். (மோட்டார் படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும் நீபோர்டிங் ஒன்று இருக்கிறது. அது வேறு விளையாட்டு.)

இதற்குச் சுமார் ஐந்தடி நீளப் பலகை போதும். காலில் ரப்பர் துடுப்பு மாட்டிக்கொண்டு, உதைத்து நீந்தி அலையைப் பிடித்து, முட்டியை மடக்கிப் பலகையில் ஏறிவிட வேண்டும். உடல் தாழ்வாக இருப்பதால் செங்குத்தான அலையிலும் தடுமாற்றம் குறைவு. அலை உருண்டு விழும்போது உள்ளே ஒரு குழல் உண்டாகுமே, அதற்குள் நுழைய இதைவிட வசதியான நிலை இல்லை.

நீபோர்டுக்காரர்கள் எப்போதுமே சிறுபான்மைதான். ஆனால் ஊடகத்தில் இவர்களுடைய இடம் விசித்திரமானது. கேமராவுக்கு முன்னால் இவர்களை அதிகம் பார்க்க முடியாது. கேமராவுக்குப் பின்னால் போய்த் தேடினால் இவர்களின் மூத்த தலைமுறை அங்கே இருக்கிறது!

பத்திரிகைகளின் கணக்கு

நவீன சர்ஃபிங்கின் பொதுப் பிம்பம் சில ஆண்டுகளுக்குள் உருவானது. 1959இல் 'கிட்ஜெட்' என்ற ஹாலிவுட் படம் வந்தது. 1960இல் கலிஃபோர்னியாவில் ஜான் செவர்சன் 'சர்ஃபர்' இதழைத் தொடங்கினார். 1966இல் புரூஸ் பிரவுனின் 'தி எண்ட்லெஸ் சம்மர்' அமெரிக்கா முழுவதும் திரைக்கு வந்தது. மூன்றிலும் நாயகர்கள் நின்றபடி அலை ஏறியவர்களே.

இதற்குள் ஒரு வியாபாரக் கணக்கும் உண்டு. சர்ஃபிங் இதழ்களைத் தாங்கிப் பிடித்தவை பலகை, உடை நிறுவனங்களின் விளம்பரங்கள். அந்த நிறுவனங்கள் விற்றது நிற்பவர்களுக்கான பொருட்களை. நீபோர்டுக்காரர்களில் பலர் தங்கள் பலகையைத் தாங்களே செய்துகொண்டார்கள். சந்தை சிறிது, விளம்பரம் குறைவு, அதனால் பக்கமும் குறைவு. யாரும் திட்டமிட்டு ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை, விளம்பரக் கணக்கே அந்த வேலையைச் செய்துவிட்டது.

ஜார்ஜ் கிரீனோ

இந்தக் கதையில் தவிர்க்கவே முடியாத பெயர் ஜார்ஜ் கிரீனோ. 1941இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பிறந்தவர். 1960களின் நடுவில் அவர் செய்த 'வெலோ' என்ற பலகை, பார்ப்பதற்கு ஒரு பெரிய கரண்டி மாதிரி இருக்கும். நடுப்பகுதியில் நுரைப்பொருளே கிடையாது, வெறும் கண்ணாடியிழைத் தகடுதான். அலையின் வளைவுக்கு ஏற்பப் பலகையும் வளைந்து கொடுக்கும். மெதுவான அலையில் அது பாதி மூழ்கிக் கிடக்கும். வேகமான அலையில் அதைப் பிடிக்க ஆளில்லை. பலகைக்கு அடியில் திசை காட்டும் துடுப்பையும் அவர் மாற்றினார். சூரை மீனின் துடுப்பைப் பார்த்து, ஒல்லியாகவும் பின்னோக்கிச் சாய்ந்தும் வளையக்கூடியதாகவும் செய்தார்.

அப்போது நிற்பவர்களின் பலகைகள் ஒன்பது அடிக்கும் மேல் நீளம், கனமும் அதிகம். திருப்புவதே பெரும் பாடு. ஆஸ்திரேலியா போன கிரீனோ மண்டியிட்டபடியே அலையின் சரிவில் மேலும் கீழுமாக வெட்டித் திரும்பியதை அங்கிருந்த பாப் மெக்டாவிஷும் நாட் யங்கும் பார்த்தார்கள். இதை நின்றுகொண்டு செய்ய முடியாதா என்பதுதான் அவர்களுக்கு எழுந்த கேள்வி. 1966இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் நாட் யங் வென்றபோது, அவர் பலகையின் அடியில் இருந்தது கிரீனோ பாணித் துடுப்பு. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பலகைகள் மளமளவென்று குட்டையாகின. இதையே சர்ஃபிங் வரலாற்றில் 'ஷார்ட்போர்டு புரட்சி' என்கிறார்கள்.

புரட்சிக்குக் காரணம் கிரீனோ ஒருவர் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. மெக்டாவிஷ், ஹவாயின் டிக் புரூயர் போன்ற பலகை செய்பவர்களின் கையும் அதில் இருக்கிறது. ஆனால் பத்திரிகைப் படங்களில் புதிய பலகையில் நின்றவர்கள் புரட்சியின் முகமானார்கள். பொறி கிளப்பியவர் ஓரத்தில் ஒரு விசித்திர மனிதராக, செருப்பே போடாத மேதையாகச் சித்திரிக்கப்பட்டார்.

அலைக்குள் ஒரு கேமரா

கிரீனோ தன்னைப் பற்றித் தானே எப்படிச் சொன்னார்? அவர் படம் எடுத்தார்.

பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள கேமராவை, தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து, முதுகில் கட்டிக்கொண்டு குழலுக்குள் நுழைந்தார். நிற்பவர் யாரும் அந்தக் காலத்தில் இதைக் கனவிலும் செய்திருக்க முடியாது. மண்டியிட்ட உடலின் நிதானம்தான் அந்தச் சுமையைத் தாங்கியது. 1970 வாக்கில் வெளிவந்த 'தி இன்னர்மோஸ்ட் லிமிட்ஸ் ஆஃப் பியூர் ஃபன்' படத்தில், அதுவரை சர்ஃபர்கள் மட்டுமே கண்டிருந்த குழலின் உட்புறத்தைக் கரையில் இருப்பவர்களும் பார்த்தார்கள்.

1973இல் டேவிட் எல்ஃபிக் இயக்கிய 'கிரிஸ்டல் வாயேஜர்' வந்தது. கிரீனோவின் வாழ்க்கையை அவர் குரலிலேயே சொல்லும் படம். அதன் கடைசி 23 நிமிடங்களில் பேச்சே இல்லை. பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' இசை ஒலிக்க, மெதுவாக உருளும் நீர்க்குழல் மட்டும். அந்தக் காட்சிகளைத் தங்கள் மேடைகளில் காட்டிக்கொள்ள அனுமதி பெற்று, பதிலுக்குப் பிங்க் ஃபிளாய்ட் இசையைத் தந்தது. 1978இல் வந்த 'பிக் வெனஸ்டே' என்ற ஹாலிவுட் படத்திலும் தண்ணீர்க் காட்சிகளுக்காகக் கிரீனோ பணியாற்றினார்.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்த 23 நிமிடங்களைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு, அதை எடுத்தவர் மண்டியிட்டிருந்தார் என்று தெரிந்திருக்கும்? அலையைக் காட்டிய மனிதர் அலைக்குள்ளேயே மறைந்துபோனார். உலகம் முழுக்கப் போன படத்தில் நீபோர்டு என்ற விளையாட்டு வெளியே தெரியவே இல்லை.

பீட்டர் கிராஃபோர்டு

இதே கதை ஆஸ்திரேலியாவில் இன்னொரு விதமாக நடந்தது. பீட்டர் கிராஃபோர்டு சிட்னியின் டீ வை பாயிண்ட்டைச் சேர்ந்தவர். பாறைக்கு மிக அருகில் உடையும் முரட்டு அலை அது. நீபோர்டில் தேசியப் பட்டம் வென்ற அவரே, 'சர்ஃபிங் வேர்ல்டு' இதழின் பெயர் பெற்ற புகைப்படக்காரர்களில் ஒருவராகவும் இருந்தார். குழலுக்குள் எங்கே ஒதுங்கினால் அடிபடாமல் படம் எடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும், அங்கேயே வாழ்ந்தவர் அல்லவா! ஆனால் இதழுக்குத் தேவைப்பட்ட படங்கள் நிற்பவர்களின் படங்கள். அடுத்தவர்களை நட்சத்திரமாக்கிய அந்தக் கண் ஒரு நீபோர்டுக்காரருடையது. 1999இல் இந்தோனேசியாவில் அவர் காலமானார்.

மீன் வால் பலகை

மூன்றாவது உதாரணம் ஸ்டீவ் லிஸ். சான் டியாகோவில் 1967 வாக்கில், வால் இரண்டாகப் பிளந்து, அடியில் இரட்டைத் துடுப்பு வைத்த குட்டையான, அகலமான பலகையை அவர் செய்தார். மீன் வால் போல இருந்ததால் பெயரே 'ஃபிஷ்'. அது மண்டியிடுவதற்காகச் செய்த பலகை. சில ஆண்டுகளில் நண்பர்கள் அதில் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். 1972இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் முதலிடம் பிடித்த ஜிம்மி பிளியர்ஸும், இரண்டாமிடம் பிடித்த டேவிட் நூஹிவாவும் ஃபிஷ் பலகையில்தான் ஏறினார்கள். 1996இல் ஆண்ட்ரூ கிட்மனின் 'லிட்மஸ்' படத்தில் டெரெக் ஹிண்ட் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே அலையில் ஃபிஷ் பலகையில் பறந்ததைப் பார்த்து, மறுபடியும் அதற்கு மவுசு வந்தது. இன்று ஏராளமான கடைகளில் ஃபிஷ் கிடைக்கிறது. வாங்குகிறவர்களில் பலர் அதன் பிறப்பை அறியாமலே வாங்குகிறார்கள்.

1971க்குப் பிறகு

இதற்கிடையில் 1971இல் டாம் மோரி 'பூகி' என்ற மெத்தென்ற நுரைப் பலகையைக் கண்டுபிடித்தார். விலை குறைவு, மேலே மோதினாலும் அடிபடாது, சிறுவர்களுக்கு ஒரே நாளில் பழகிவிடும். நீபோர்டுக்கு வந்திருக்க வேண்டிய அடுத்த தலைமுறையில் பெரும்பகுதி இந்தப் பக்கம் போய்விட்டது. பாடிபோர்டுக்குத் தனி இதழ்களும் தொழில்முறைப் போட்டிகளும் வந்தன. நீபோர்டுக்கு எஞ்சியது வயது ஏறிக்கொண்டே போன ஒரு கூட்டம்.

அதனால்தான் இந்த விளையாட்டின் ஊடகக் குரல் மூத்தவர்களின் குரலாகவே இருக்கிறது. அவர்களின் நேர்காணல்களிலும் நினைவுகளிலும் இரண்டு இழைகள் மாறி மாறி வரும். ஒன்று, "எல்லாம் எங்களிடமிருந்து போனதுதான்" என்ற உரிமைக் குரல். இன்னொன்று, "யார் பார்த்தால் என்ன, அலை இருக்கிறது" என்ற அலட்சியம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண். பெயர் தேவையில்லை என்பவருக்கு, பெயர் விடுபட்டதில் ஏன் வருத்தம்? ஆனால் இரண்டுமே உண்மையான உணர்வுகள். விளம்பரம் தேடாமல் ஒன்றை நேசித்தவர்கள், அது வேறொருவர் பெயரில் விற்கப்படுவதைப் பார்க்கும்போது இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

யார் எழுதிய வரவு?

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கிரீனோவுக்குப் புத்தகங்களில் இடம் கிடைத்தது. நாட் யங் 1983இல் வெளியிட்ட சர்ஃபிங் வரலாற்று நூலிலும், மெக்டாவிஷின் நினைவுகளிலும் அவர் பங்கு மறைக்கப்படவில்லை. ஆனால் அந்த வரவை எழுதியவர்கள் நின்றவர்கள். நின்றவர்களுக்கு உதவிய அளவுக்கே மண்டியிட்டவர் அதில் இடம் பெறுகிறார். உதவாத பகுதி, அதாவது மண்டியிடுவதில் உள்ள சொந்த சந்தோஷம், பேரேட்டில் ஏறவில்லை.

அதை எழுத மூத்தவர்களால் மட்டுமே முடியும், அவர்களுக்கும் வயதாகிறது. இணையம் வந்த பிறகு சிலர் பெட்டியில் கிடந்த புகைப்படங்களையும் பழைய படச்சுருள்களையும் தாங்களே வெளியிடுகிறார்கள். இதற்குப் பத்திரிகையின் அனுமதியும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம். அடுத்த தலைமுறை மெலிந்துபோன ஒரு விளையாட்டுக்கு இது பொழுதுபோக்கு வேலை இல்லை, உயில் எழுதுவது போன்ற வேலை.

'கிரிஸ்டல் வாயேஜர்' பார்க்க நேர்ந்தால் அந்தக் கடைசி 23 நிமிடங்களில் ஒன்றைக் கவனிக்கலாம். கேமரா எவ்வளவு தாழ்வாக, தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறது என்பதை. அது மண்டியிட்ட ஒரு மனிதனின் உயரம். அவர் தன் முகத்தைக் காட்டவில்லை, தான் இருந்த இடத்தைக் காட்டிவிட்டார்.