மன்னார்க் கரையோரக் கல்வி

மன்னார்க் கரையோரக் கல்வி என்பது இலங்கையின் வட மாகாணத்தில் மன்னார்த் தீவிலும், அதற்கெதிரே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை எனத் தெற்கே நீளும் பெருநிலக் கரையிலும் வாழும் மக்கள் சிறுபராயம் முதல் முதுமை வரை கற்பதற்கு அமைந்த வழிகளைக் குறிக்கும். அரச பாடசாலை, முன்பள்ளி, மதரசா, மறைக்கல்வி வகுப்பு, தையல் வகுப்பு, கூத்துக் கொட்டகை எல்லாம் இதில் அடங்கும். இந்த 'எல்லாம்' என்ற சொல்லை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் வைத்து மாவட்டத்தின் கல்வியை அளந்தால், பாடசாலையை விட்டு விலகியவர்கள் பெரும்பாலும் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

பின்னணி

மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீற்றர். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. கத்தோலிக்கர், முஸ்லிம்கள், இந்துக்கள் என மூன்று சமூகத்தவரும் தமிழையே பேசுகிறார்கள். ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்பதால் பாடசாலைகளும் சிறியவையாகச் சிதறிக் கிடக்கின்றன.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைப் பிடித்தனர். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒல்லாந்தர் ஆட்சியில் கோயிற்பற்றுதோறும் ஒரு பள்ளி இருந்தது. எழுத்தும் வேதமும் படிப்பிப்பதோடு, ஊராரின் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் தோம்பு என்னும் பதிவேட்டில் பதிவதும் பள்ளி ஆசிரியரின் வேலை. ஆகவே எழுத்து இந்தக் கரையில் பிள்ளைகளின் பாடமாக இருந்த காலத்திலேயே பெரியவர்களின் ஆவணமாகவும் இருந்தது. பின்னர் கத்தோலிக்க மிஷன் பாடசாலைகள் வளர்ந்தன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆயினும் மன்னார் புனித சவேரியார் ஆண்கள், பெண்கள் கல்லூரிகள், பேசாலை பற்றிமா, வங்காலை புனித ஆனாள், பள்ளிமுனை புனித லூசியா என்று கத்தோலிக்கப் பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. எருக்கலம்பிட்டியின் முஸ்லிம் பாடசாலைகளும் மன்னார் அல்-அஸ்ஹர் பாடசாலையும், நகரில் சித்திவிநாயகர் இந்துக் கல்லூரியும் இவற்றோடு சேர்ந்து வளர்ந்தவை.

பாடசாலையும் பருவக்காற்றும்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்வைத்த இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். கட்டாயக் கல்வி 1998இல் 5 முதல் 14 வயது வரை என வகுக்கப்பட்டு, 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. நிர்வாகம் மன்னார், மடு என்னும் இரு கல்வி வலயங்களில் நடக்கிறது. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. எட்ட இருக்கும் ஊர்ப் பிள்ளைக்கு அந்தத் தூரமே முதல் பரீட்சை.

இரண்டாவது பரீட்சை காற்று. தீவின் ஒரு பக்கம் பாக்கு நீரிணையின் வடகடல், மறுபக்கம் மன்னார் வளைகுடாவின் தென்கடல். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும்போது தென்கடல் குமுறும். வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் வடகடல். தொழில் எந்தப் பக்கம் வாய்க்கிறதோ அங்கே வாடி போட்டுக் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் பெயர் ஓரிடத்து இடாப்பில் இருக்க, பிள்ளை வேறொரு கரையில் வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்து வகுப்புக்கு வந்தால் பின்னம் முடிந்து தசமம் தொடங்கியிருக்கும். இடைவிலகலைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. பாடசாலைத் தவணை நாட்காட்டியில் கடலின் பருவத்துக்கு இடமில்லை என்பதே உண்மைக்குக் கிட்டியது.

இடப்பெயர்வு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரிழந்தனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஒரு தலைமுறை முழுவதும் புத்தளம் மாவட்டத்து அகதிக் கிராமங்களில் படித்து வளர்ந்தது. அதே ஆண்டில் போரிலிருந்து தப்பித் தமிழ்க் குடும்பங்கள் பல இராமேஸ்வரக் கரைக்குப் போயின. பிள்ளைகள் மண்டபம் முதலான முகாம்களிலிருந்து தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்றனர். போகாதவர்கள் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களில் தங்கினர். 2007, 2008இல் போரால் மாந்தை மேற்கு ஊர்கள் காலியாகி, பாடசாலைகளும் ஆசிரியர்களும் மக்களோடு கிழக்கே நகர நேர்ந்தது.

திரும்பி வந்தவர்களிடம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தது, புத்தளத்துப் பெறுபேறு இருந்தது, சிலரிடம் ஒன்றுமே இருக்கவில்லை. ஆகவே முதியோர் கல்வி இங்கே எழுத்தறியாதவர்களுக்கு மட்டும் உரியதன்று. பாதியில் அறுந்த படிப்பை முடிச்சுப்போட வருகிறவர்களே இதற்குப் பெரிதும் தேவையுள்ளவர்கள்.

கூத்துக் கொட்டகை

பாடசாலைக்கு வெளியே இக்கரையின் மிகப் பழைய முதியோர் வகுப்பு நாட்டுக்கூத்து. மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு மரபுகள் உண்டு. விரிந்த நாடகத்தோடு, ஒரே இரவில் முடியும் வாசாப்பும் ஆடப்படும். அர்ச்சிஷ்டர் கதைகள், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகியவை இதன் பொருள்.

கற்கும் முறை இது: கடலால் வந்து சாப்பிட்டு முடித்தபின் இரவில் கோயில் வளவில் கூடுவார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கொப்பியைப் பார்த்து ஓரடி பாடுவார். கூத்தர் அதைக் கேட்டு அதே இராகத்தில் திருப்பிப் பாடுவார். பிழைத்தால் மத்தளம் நிற்கும். மறுபடி அதே அடி. இப்படி மாதக் கணக்கில் நடக்கும். எழுத்துக் கூட்டத் தடுமாறுகிறவரும் நூற்றுக்கணக்கான பாட்டை மனதில் ஏற்றிவிடுவார். வெண்பாவும் விருத்தமும் தருவும் அவருக்குச் செவிவழிப் பாடம். சுற்றியிருந்து பார்க்கும் சிறுவர்கள் சொல்லிக்கொடுக்காமலே பிடித்துக்கொள்வார்கள். பத்து வயதும் அறுபது வயதும் ஒரே பாடத்தை ஒரே இடத்தில் படிக்கும் வகுப்பு வேறெங்கே உண்டு? 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மூவிராசாக்கள், ஞானசவுந்தரி முதலிய நாடகங்களைப் பதிப்பித்து அச்சேற்றியதால் பாடல்கள் சில தப்பின.

கடற்றொழிலும் ஒரு பள்ளியே. கண்ணி அளந்து வலை பொத்துவதும், நட்சத்திரமும் நீரோட்டமும் பார்ப்பதும் தகப்பனிடம் கற்றவை. அதன்மேல் இப்போது ஜிபிஎஸ் வந்திருக்கிறது. கருவியைப் பழகிய மகன் தகப்பனுக்குப் பாகையும் கலையும் வாசித்துக் காட்டுகிறான். பாடம் எதிர்த்திசையில் நடக்கிறது.

பதினாறுக்குப் பிறகு

வலயக் கல்விப் பணிமனைகளின் முறைசாராக் கல்விப் பிரிவு எழுத்தறிவு வகுப்புகளையும் சமூகக் கற்றல் நிலையங்களையும் பொறுப்பாகக் கொண்டது. தொழிற்பயிற்சி அதிகாரசபையும், முருங்கனில் சலேசியன் சபையின் டொன் பொஸ்கோ நிலையமும் இளைஞருக்குத் தொழில் பழக்குகின்றன. தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழில் ஒரு நன்மை உண்டு: ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவர் அந்த அனுபவத்தை மதிப்பிடச் செய்தும் அதைப் பெறலாம். இயந்திரம் திருத்தும் நாற்பது வயதுக்காரருக்கு இது பெரிய வாசல். அதை அறிந்தவர்கள்தான் குறைவு.

பெண்களுக்கான கற்றலைச் சங்கங்களே தாங்குகின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் தையலும் கணக்கெழுதலும் நடக்கின்றன. 1990இல் ஊரிழந்தவரான ஷ்ரீன் சரூர் முதலானோர் உருவாக்கிய மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியம், பிரிந்துபோன தமிழ், முஸ்லிம் பெண்களை ஒரே அறையில் உட்கார வைத்தது. சேமிப்பும் சட்ட அறிவும் அங்கே பாடங்களாயின.

சாதாரண தரம், உயர்தரம் இரண்டையும் தனியார் பரீட்சார்த்தியாக எவ்வயதிலும் எழுதலாம். பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கிய 5 வீதத்தில் மன்னாருக்கும் பங்குண்டு. கலைப்பிரிவுக்கு அது பொருந்தாது. மிக அருகில் இருப்பது 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா. இரு கடலுக்கு நடுவே கிடக்கும் இத்தீவின் பிள்ளை கடல் சார்ந்த படிப்பை நாடினால், இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். முன்பு வவுனியா சுற்றிப் போன அந்த வழி, 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி ஊடாகக் குறுகியது.